கெமரா ஒப்பரேஷனுக்குக் காசு சேரும்வரை காத்திருக்கலாமா?



வெட்கமான விஷயம்தான், ஆனாலும் எழுதுகிறேன். குடலிறக்கம், அதாவது ஹேர்னியா. அடிவயிற்றுத் தசை பலவீனப்பட்ட இடத்தால் குடல் பிதுங்கி, தொடை மடிப்பில் கட்டி போல வருவது. தோணி தள்ளுகிறவருக்கும் வரும், என்னைப் போல சோக் பிடிக்கிறவருக்கும் வரும்.

என் மாமா ஒருவர் கிளினிக்கில் காட்டினார். "வெட்டி, வலை வைத்துத் தைப்போம்" என்று திகதியும் கொடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் செலவில்லை. அதற்குள் கொழும்பிலிருந்து சொந்தக்காரர் ஒருவரின் போன்: "இந்தக் காலத்தில யார் மாமா வெட்டுறது? மூன்று சின்ன ஓட்டை போட்டு கெமரா விட்டுச் செய்வாங்க. பிரைவேட்டில செய்வம்." மாமா திகதியை விட்டுவிட்டுக் காசு சேர்க்கத் தொடங்கினார். இரண்டு வருடமாக நோவுதான் கூடியது, காசு சேரவில்லை.

போன மாரியில் ஒருநாள் சுபஹுக்குப் பிறகு கட்டி கல் மாதிரி இறுகி, வாந்தியும் தொடங்கியது. 1990க்கு அடித்தோம். (அந்த இலக்கத்தைக் கேட்டால் வடக்கு முஸ்லிம்களுக்கு வேறொரு ஒக்டோபர்தான் ஞாபகம் வரும். இப்போது அது அம்புலன்ஸ் இலக்கம்.) குடல் சிக்கி இரத்த ஓட்டம் நின்றதால் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார்.

அதற்குப் பிறகுதான் நான் தேடி வாசித்தேன், தெரிந்த டொக்டர்மாரிடமும் கேட்டேன். கெமரா ஒப்பரேஷன் நல்லதுதான். காயம் சிறிது, ஆரம்ப நோவு குறைவு, வேலைக்கும் கொஞ்சம் முந்தித் திரும்பலாம். ஆனால் "வெட்டுவது பழைய முறை, ஏழைகளுக்கானது" என்ற பேச்சு பிழை. அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான ஆஸ்பத்திரிகளில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2004இல் முடிவை வெளியிட்டார்கள். முதல்முறை வந்த ஹேர்னியாவில், வெட்டி வலை வைத்தவர்களில் 100க்கு 4 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்தது. கெமராவில் செய்தவர்களில் 100க்கு 10 பேருக்கு. 250க்கு மேல் கெமரா ஒப்பரேஷன் செய்து கை பழகிய சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் அந்த 10ம் 5 ஆகக் குறைந்தது. அன்றாட வேலைக்குத் திரும்புவதில் வித்தியாசம் ஒரேயொரு நாள்! இது பழைய கணக்கு. இன்று கெமராவில் கை தேர்ந்தவர்கள் கூட. 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டலும், ஒரு பக்கம் முதல்முறை வந்ததென்றால் இரண்டு முறையும் ஏற்றதே, செய்பவரின் அனுபவத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது.

வலை விலை கூடியதாக இருக்க வேண்டுமென்றும் இல்லை. மகாராஷ்டிராவில் டொண்டைச்சா என்ற சிறு ஊரில் டாக்டர் டோங்காவ்கர் கிருமிநீக்கிய நுளம்புவலைத் துணியையே வைத்துத் தைத்தார். உகண்டாவில் 300க்கு மேற்பட்ட ஆண்களுக்கு அந்த மலிவு வலையையும் கம்பனி வலையையும் வைத்து ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. அதுவும் விறைப்பு ஊசி போட்டு, வெட்டிச் செய்தது. இதயம், நெஞ்சு வருத்தம் உள்ள வாப்பாமாருக்கு இது முக்கியம்: கெமராவுக்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும், வெட்டுவதை அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தும் செய்யலாம்.

கெமராதான் நல்லது என்ற இடங்களும் உண்டு. இரண்டு பக்கமும் இருந்தால், முன்பு வெட்டிச் செய்து திரும்பி வந்திருந்தால், பெண்களுக்கு என்றால், அதைச் செய்யும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். வவுனியாவோ யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ, போய்வரக் கஷ்டம்தான். ஆனாலும் கொழும்பு பிரைவேட் பில்லைவிட அந்த பஸ் காசு குறைவு.

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று. அவர்களுக்குத் தொடைப்பக்கமாக இறங்கும் வகை வருவது கூடுதல். அது சீக்கிரம் சிக்கிக்கொள்ளும், தள்ளிப்போடவே கூடாது. நம் உம்மாமார் சொல்லமாட்டார்கள். பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். பெண் டொக்டர் வேண்டுமென்றால் அதையும் கிளினிக்கில் கேட்கலாம், தவறில்லை.

நோவே இல்லாத ஆண்களுக்குச் சில நேரம் டொக்டரே "பார்த்துக்கொண்டிருப்போம்" என்பார். அது வேறு. நோவோடு, ஒருவருக்கும் சொல்லாமல், காசுக்காகக் காத்திருப்பது வேறு. கட்டி உள்ளே போகாமல் இறுகி, நோவும் வாந்தியும் வந்தால் விடியும்வரைகூடப் பார்க்காதீர்கள்.

எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் ஒரு சேர் இருக்கிறார். ஒரு வருடமாக "லீவில செய்வம்" என்கிறார். நேற்று அவரிடம், அடுத்த கிளினிக் நாளில் உங்கள் பாடவேளைகளை நான் எடுக்கிறேன், போய்த் திகதி வாங்குங்கள் என்றேன். தலையாட்டியிருக்கிறார். துஆச் செய்யுங்கள்.