சுவர் ஒருவருக்கு, தொழில் ஒருவருக்கு, ஊர் யாருக்கு?

பிரான்சின் தெற்கில் குன்றுகளின் உச்சியைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிற்றூர்களைப் பிரெஞ்சு மொழி 'வில்லாஜ் பெர்ஷே' என்கிறது. கிளையில் அமர்ந்த பறவைக்கு வழங்கும் சொல் அது. அத்தகைய ஊரில் சிறு விடுதி ஒன்றை வாங்கி எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கும் கனவு, பீட்டர் மேல் தமது புரோவான்ஸ் வாழ்வைப் பற்றி 1989இல் வெளியிட்ட நூலுக்குப் பின் ஆங்கில வாசகரிடையே பெரிதும் பரவியது. வெளியார் பணம் ஊரைக் காக்கிறது என்பது அக்கனவு பற்றிய ஒரு தீர்ப்பு. ஊரை அழிக்கிறது என்பது மற்றொன்று. 'வாங்குதல்' என்னும் சொல் எதைக் குறிக்கிறது என்பதை இரண்டும் கேட்பதில்லை.

பிரெஞ்சுச் சட்டத்தின்படி விடுதி என்பது ஒரு பொருளன்று, இரண்டு. கட்டடம் 'சுவர்கள்' எனப்படும். தொழில் 'ஃபோன் து கொமெர்ஸ்' எனப்படும். 1909ஆம் ஆண்டுச் சட்டம் இதன் விற்பனையை முறைப்படுத்தியது. வாடிக்கையாளர், பெயர், பெயர்ப்பலகை, குத்தகை உரிமை, தளவாடங்கள் ஆகியவை இதில் அடங்கும். நிலமும் கட்டடமும் அடங்கா. 'ஃபோன்' என்பதோ நிலம், அடித்தளம் எனப் பொருள்படும் இலத்தீன் 'ஃபுந்துஸ்' வழி வந்த சொல். அடி, வேர் என்றும் மூலதனம் என்றும் பொருள்படும் தமிழ் 'முதல்' இங்கு நினைவுக்கு வரலாம். நிலத்தைக் குறித்த சொல், நிலமே இல்லாத சொத்துக்குப் பெயராகிவிட்டது. தொழிலை மட்டும் வாங்கியவர் சுவர்களின் உரிமையாளருக்கு வாடகை தருவார். வணிகக் குத்தகை குறைந்தது 9 ஆண்டுகளுக்கானது; குத்தகைதாரர் பொதுவாக 3 ஆண்டுக்கு ஒருமுறை விலகலாம்.

இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் விலைக்குள் நுழைகிறது: ஊர். 1222இல் நிறுவப்பட்ட கோர்த் என்னும் குன்றூர், 1993இல் 'வானின் மீது' என்ற அடைமொழியைச் சேர்த்துத் தன் பெயரை 'கோர்த் சூர் சியல்' என மாற்றிக்கொண்டது. பள்ளத்தாக்கை மூடும் மூடுபனிக்கு மேலே ஊர் மிதப்பதுபோல் தோன்றுவதைச் சுட்டும் அப்பெயர், பயணியின் கண்ணுக்கும் உகந்ததே. அறையின் வாடகையில் அந்தக் காட்சிக்கும் பெயருக்கும் பங்குண்டு. அவற்றை உண்டாக்கிய ஊருக்கோ விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடும் இடமில்லை.

இதிலிருந்து வெளியாரை விலக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவது பிழை. பிரான்சின் குடியிருப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இரண்டாம் வீடு. உரிமையாளர் விடுமுறைக்கு மட்டும் வந்து தங்கும் வீடு. சிற்றூரின் உண்மையான இழப்பு குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் அந்தச் சன்னல்களே. விடுதிக்கு ரொட்டி வேண்டும், சலவை வேண்டும், சமையலாள் வேண்டும். உரிமையாளர் மாறினாலும் பணியாளரின் வேலை ஒப்பந்தம் புதியவரிடம் தொடர வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆகவே விடுதியை நடத்த வரும் அயலார், வீட்டைப் பூட்டிவைக்கும் அயலாரினும் ஊருக்கு நெருக்கமானவர். எங்கிருந்து வந்தார் என்பதைவிட, சனவரியில் விளக்கு எரிகிறதா என்பதே கேட்கத்தக்கது.

இக்கேள்வியின் நியாயத்தைப் பிரெஞ்சுச் சட்டம் ஓரிடத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுள்ளது. எல்லா வகை மதுவும் விற்க இடந்தரும் நான்காம் வகை உரிமம் ஓர் ஊரில் ஒன்றே எஞ்சியிருந்தால், மேயரின் இசைவின்றி அதை வேறூருக்கு மாற்ற இயலாது. கடைசி மதுக்கூடம் தனியார் சொத்தாயினும் பொது இடம் என்பதே இதன் உட்பொருள். அதே தருக்கம் கடைசி விடுதிக்கும் பொருந்த வேண்டும். வணிகத் தொழில் விற்கப்படும்போது தாமே முதலில் வாங்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சிகளுக்கு அளித்தது. ஆயின் அவ்வுரிமை தொழில் கைமாறும்போதே செல்லும். விடுதியை மூடிவிட்டுச் சுவர்களை மட்டும் வீடாக விற்றால் அதற்குப் பிடிமானம் இல்லை. வாடிக்கையாளர் கலைந்தபின் விற்கத் தொழிலே இராது. ஓர் ஊரின் கடைசி விடுதியை மூடுமுன் நகராட்சிக்கு முன்னறிவிப்புத் தருவதும், அதை நியாய விலைக்கு வாங்கி நடத்துநர் ஒருவரிடம் ஒப்படைக்கப் போதிய காலம் அளிப்பதும் கட்டாயமாக வேண்டும்.

முதுமையில் ஓய்வு நாடும் உரிமையாளரை இது கட்டிப்போடும் என்ற மறுப்பு எழும். அவர் தொழிலைத் தொடர வேண்டியதில்லை, விலையும் குறைய வேண்டியதில்லை. சில மாதக் காத்திருப்பு மட்டுமே கேட்கப்படுகிறது. பல தலைமுறைகள் சேர்ந்து எழுப்பிய குன்றின் காட்சியைத் தம் விலையில் சேர்த்துக்கொள்பவரிடம் அவ்வளவு கேட்பது மிகையன்று.