தடிமன் என்று எழுதின கடிதம்

மகனுடைய நாலாம் வகுப்பு ஸ்கீ நாளுக்கு உதவிக்குப் பெற்றோர் வேணும் என்று செய்தி வந்தது. ஒருநாள் லீவு போட்டுவிட்டு பீமார்க்காவுக்குப் போனேன். நான் துரொண்ட்ஹெய்மிலேயே வளர்ந்தவன், ஸ்கீ எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அரை மணித்தியாலத்தில் அது போச்சு. இருபத்துநாலு பிள்ளையள். ஒருத்தனுக்குச் சப்பாத்து ஸ்கீயில் பூட்டுதில்லை, ஒருத்திக்குக் கையுறை நனைஞ்சு போச்சு, இன்னொருத்தன் மரத்துக்குப் பின்னால நின்று அழுகிறான். உடற்பயிற்சி ஆசிரியர் வாய்க்குள்ளேயே தலைகளை எண்ணிக்கொண்டு நின்றார். நான் எழுதுகிற கோடில் பிழை வந்தால் நாளைக்குத் திருத்தலாம். அவர் எண்ணுகிற தலையில் ஒன்று குறைந்தால்?

கக்காவோ குடிக்கிற இடைவேளையில் அவரோடு கதைச்சேன். ஓடி ஆடுறதில் களைப்பே இல்லையாம். ஜிம் மண்டபத்தின் இரைச்சல், அதுக்கு மேலால கத்திக் கத்திக் கெட்டுப்போகிற தொண்டை, பிறகு உடை மாற்றும் அறை. 2017 ஆகஸ்டிலிருந்து, பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தாலே பாடசாலையில் வேலை செய்யும் எவரும் அதிபருக்கு அறிவிக்க வேணும் என்பது சட்டம். ஆனால் பிள்ளையள் உடுப்பு மாற்றுகிற இடத்தில் அவர் போய் நின்றுகொண்டிருக்க ஏலுமா?

எட்டாம் வகுப்பில் இருந்து 1 முதல் 6 வரை புள்ளியும் போடவேணும். 2012இல் இருந்து முயற்சியும் இந்தப் பாடத்தில் கணக்கு. முயற்சியை எதால் அளக்கிறது? முதல் அங்கே வேலை செய்தபோது பெற்றோரோடு சண்டை வந்ததெல்லாம் அதாலதானாம்.

அப்ப ஏன் இந்த வேலையில் இருக்கிறீங்கள் என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. 2015இல் நாலாம் வகுப்புக்கு வைத்த நீச்சல் அளவுகோல் லேசானதில்லை: 100 மீற்றர் குப்புற, நடுவில் மூழ்கி ஒரு பொருளை எடுக்கவேணும், மூன்று நிமிஷம் மிதக்கவேணும், பிறகு 100 மீற்றர் மல்லாந்து. இலையுதிர்காலத்தில் முகத்தையே நனைக்காத ஒரு பிள்ளை, வசந்தத்தில் அடியில் கிடந்த வளையத்தோடு மேலே வந்த கதையைச் சொன்னார். அவருக்கு உண்மையான சம்பளம் அன்றைக்குத்தானாம்.

எங்கட அப்பா ஆசிரியர் சந்திப்புக்கு வந்தால் கணிதம், நோர்வேஜிய மொழி, ஆங்கிலம், அவ்வளவுதான் கேட்பார். ஊரில் பி.ரி. மாஸ்டரை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மட்டுந்தானே தேடுவார்கள், மிச்சக் காலம் அவரின்ர பாடவேளையை கணித ரீச்சர் வாங்கிவிடுவா. இங்கே பிறந்து வளர்ந்த நானும் போன சந்திப்பில் அதே மூன்றைத்தான் கேட்டேன்.

"எந்தப் பிள்ளைக்குப் பயம் என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குப் பெரிய பாரம். 'தடிமன், நீச்சல் வேண்டாம்' என்று கடிதம் வரும். பயம் என்று எழுதினால் நான் ஏதாவது செய்யலாம்" என்றார் அவர்.

தை மாதம் அப்படி ஒரு கடிதம் நானே எழுதினேன். மகனுக்குத் தடிமன் இல்லை. ஆழத் தண்ணி என்றால் முதல்நாள் இரவே வயிற்றுக்குத்து என்பான். ஆறு வயதில் ஒருமுறை வழுக்கி விழுந்ததை நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

பனிக்குள்ள நின்றபடி சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. "வியாழக்கிழமை ஆழம் குறைந்த பக்கத்தில் என்னோடு தொடங்கட்டும்" என்றார். திரும்பித் தலைகளை எண்ணப் போனார்.

துவாயை இன்றைக்கே பையில் வைச்சாச்சு. அவனுக்கு இன்னும் சொல்லேல்லை.