லாம்ப்ரேயை ஏன் எண்ண வேண்டும்?

எண்ணுவது எளிய வேலை, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லத் தெரிந்த எவரும் செய்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விஞ்ஞானம் என்றால் புதிய கருவி, புதிய மருந்து, புதிய கோட்பாடு. கணக்கெடுப்பு என்றால் எழுத்தர் வேலை. இந்த எண்ணம் தவறானது என்பதே என் கருத்து. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து வாழும் ஓர் உயிரியைச் சரியாக எண்ணுவது மிகக் கடினமான ஆராய்ச்சிகளில் ஒன்று. அதைச் செய்யாமல் ஓர் உயிரினத்தைக் கட்டுப்படுத்தவும் இயலாது, காப்பாற்றவும் இயலாது. லாம்ப்ரேயின் கதை இதற்கு நல்ல சான்று.

லாம்ப்ரே நம் ஆறுகளில் இல்லை. அது குளிர்ந்த நீரில் வாழ்வது. பார்வைக்கு விலாங்கு மீனைப் போல் இருந்தாலும் விலாங்குக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. லாம்ப்ரேக்குத் தாடையே இல்லை. வட்டமான உறிஞ்சுவாயும், அதனுள் வரிசை வரிசையாகக் கூரிய பற்களும் உண்டு. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பே லாம்ப்ரேக்கள் வாழ்ந்திருக்கின்றன என்று புதைபடிவங்கள் காட்டுகின்றன. இவற்றுள் கடல் லாம்ப்ரே என்ற இனம், வளர்ந்தபின் பெரிய மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு, துளையிட்டு, இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது.

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஒண்டாரியோவுக்கு அப்பால் இந்த லாம்ப்ரே செல்லாதபடி நயாகரா நீர்வீழ்ச்சி தடுத்துக்கொண்டிருந்தது. கப்பல்கள் நீர்வீழ்ச்சியைச் சுற்றிச் செல்வதற்காக வெல்லண்ட் கால்வாய் வெட்டப்பட்டது. கப்பலுக்குத் திறந்த வழி லாம்ப்ரேக்கும் திறந்தது. 1921-இல் ஈரி ஏரியிலும், 1936-இல் மிச்சிகனிலும், 1937-இல் ஹியூரனிலும், 1938-இல் சுப்பீரியரிலும் அது காணப்பட்டது. ஒரு லாம்ப்ரே தன் ஒட்டுண்ணி வாழ்க்கையில் 18 கிலோகிராம் வரை மீன்களைக் கொல்லக்கூடும். அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொள்ள, மேல் ஏரிகளில் டிரௌட் மீன்பிடித் தொழில் 1960-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று.

அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1955-இல் ஓர் ஆணையத்தை அமைத்தன. சுமார் 6,000 இரசாயனப் பொருள்களைச் சோதித்து, லாம்ப்ரேயைக் கொன்று பெரும்பாலான மற்ற மீன்களை விட்டுவைக்கும் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார்கள். டி.எஃப்.எம். என்ற அந்த மருந்து 1958-இல் முதன்முதலாக ஓடையில் விடப்பட்டது. கதை இத்துடன் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. மருந்தை எங்கே விடுவது?

சேற்றுக்குள் தேடல்

லாம்ப்ரே ஓடைகளில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் கண்பார்வையற்ற லார்வாக்கள் வண்டலில் புதைந்து, நீரில் மிதந்து வரும் நுண்ணிய உணவை வடிகட்டி உண்டு, மூன்று முதல் ஏழு ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழ்கின்றன. மருந்து கொல்வது இந்த லார்வாக்களைத்தான். ஐம்பெரும் ஏரிகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் கலக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில்தான் லாம்ப்ரே வளர்கிறது.

“எல்லா ஓடையிலும் மருந்தை விட்டுவிட்டால் என்ன? எண்ணுவதில் ஏன் காலத்தைப் போக்க வேண்டும்?” என்று கேட்கத் தோன்றும். பணம் போதாது என்பது ஒரு விடை. அதைவிட முக்கியமான விடை ஒன்று உண்டு. இந்த ஏரிப் பகுதிக்கே உரிய நான்கு லாம்ப்ரே இனங்களும் இருக்கின்றன. அவை தீங்கு செய்த அயல் இனம் அல்ல. ஆனாலும் மருந்து அவற்றையும் கொல்லும். அருகிவரும் ஸ்டர்ஜன் மீனின் குஞ்சுகளையும் அது தாக்கக்கூடும். தேவையான இடத்தில் மட்டும் மருந்திட வேண்டுமானால், எந்த இனம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. ஆழமில்லாத ஓடையில் ஆய்வாளர் முதுகில் மின்கலப் பெட்டியைச் சுமந்து, இரு மின்வாய்களை நீரில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். முதலில் நொடிக்கு மூன்று என்ற மெதுவான மின்துடிப்புகள். இவை லார்வாவைத் தொல்லைப்படுத்தி வண்டலிலிருந்து வெளியே வரச் செய்கின்றன. வெளிவந்ததும் நொடிக்கு முப்பது துடிப்புகள். லார்வா சற்று நேரம் செயலிழந்து வலையில் சிக்குகிறது. எடுத்த எடுப்பிலேயே வேகமான துடிப்புகளைக் கொடுத்தால் அது சேற்றுக்குள்ளேயே மயங்கிக் கிடக்கும். நம் கணக்கில் வராது!

ஆழமான நீரில் நடக்க முடியாது. அங்கே படகிலிருந்து மணி போன்ற ஒரு மூடியைத் தரைவரை இறக்குகிறார்கள். மூடிக்குள் இருக்கும் மின்வாய்கள் லார்வாவை வெளியே கிளப்ப, ஒரு பம்ப் அதைக் குழாய் வழியே படகுக்கு உறிஞ்சி எடுக்கிறது. சுப்பீரியர் ஏரியையும் ஹியூரன் ஏரியையும் இணைக்கும் செயின்ட் மேரிஸ் ஆற்றில் இந்த முறை பெரும்பயன் தந்தது. அந்த ஆற்றில் நொடிக்குச் சுமார் 2,000 கன மீட்டர் நீர் ஓடுகிறது. அவ்வளவு நீருக்கும் டி.எஃப்.எம். கலப்பது நடவாத காரியம். 1993 முதல் 1996 வரை ஆயிரக்கணக்கான இடங்களில் மூடியை இறக்கி எண்ணினார்கள். ஆற்றில் சுமார் 52 இலட்சம் லார்வாக்கள் இருப்பதாகவும், அவை சில இடங்களில் நெருக்கமாகத் திரண்டிருப்பதாகவும் தெரிந்தது. 1998, 1999 ஆம் ஆண்டுகளில் அந்த இடங்களில் மட்டும், அடியில் போய்ப் படியும் குருணை மருந்தைத் தூவினார்கள். கணக்கெடுப்பு தந்த வரைபடம் இல்லையென்றால் அந்த மருந்து வெறும் குருணைதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்

அந்த 52 இலட்சத்தையும் யாரும் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. பார்த்த இடங்களிலிருந்து பாராத இடங்களைக் கணித்தார்கள். முட்டையிட ஆற்றில் ஏறும் பெரிய லாம்ப்ரேக்களுக்கு வேறொரு முறை உண்டு. 200 லாம்ப்ரேக்களைப் பொறியில் பிடித்து, துடுப்பில் அடையாளமிட்டு விடுவதாகக் கொள்வோம். மறுமுறை 300 பிடிபடுகின்றன. அவற்றில் 30 அடையாளம் உள்ளவை. பத்தில் ஒன்று அடையாளம் பெற்றவை என்பதால், ஆற்றில் ஏறக்குறைய 2,000 லாம்ப்ரேக்கள் உண்டு. உடலின் வரிகளைக் கொண்டு நம் நாட்டில் புலிகளைக் கணக்கிடுவதற்கும் அடிப்படை இதே கணக்குத்தான்.

ஆனால் அந்த 30, தற்செயலாக 25 ஆகவோ 35 ஆகவோ இருந்திருக்கலாம். 25 என்றால் விடை 2,400; 35 என்றால் சுமார் 1,700. ஆகவே “2,000” என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது. “ஏறத்தாழ 1,700-க்கும் 2,400-க்கும் இடையில்” என்பதே நேர்மையான விடை. இப்படிச் சொல்வதை அறியாமை என்று சிலர் எண்ணுகிறார்கள். தன் அறிவின் எல்லையையும் அளந்து சொல்வதுதான் விஞ்ஞானம் என்பேன்.

கட்டுப்பாட்டு முயற்சியால் பெரும்பாலான பகுதிகளில் கடல் லாம்ப்ரேயின் எண்ணிக்கை சுமார் 90 விழுக்காடு குறைந்தது. கொரோனா பரவலின்போது, 2020-இல் திட்டமிட்ட ஓடைகளில் கால் பங்குக்கும், 2021-இல் முக்கால் பங்குக்கும் மட்டுமே மருந்திட முடிந்தது. அடுத்து வந்த கணக்கெடுப்புகளில் லாம்ப்ரே மீண்டும் பெருகியது தெரிந்தது. எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் ஆபத்து உடனே புலப்பட்டது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கொலம்பியா ஆற்றில் பசிபிக் லாம்ப்ரே என்ற வேறோர் இனம் வாழ்கிறது. அது அங்கேயே தோன்றியது. யாக்கமா, உமட்டில்லா முதலிய பழங்குடி மக்களுக்கு அது தொன்றுதொட்டு வந்த உணவு. பான்வில் அணையில் மீன் ஏறும் படிகளில் அதை எண்ணி வந்தார்கள். பயனற்ற மீன் என்று கருதி, 1970-களிலும் 80-களிலும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். மீண்டும் எண்ணத் தொடங்கியபோது அது வெகுவாகக் குறைந்திருந்தது. எந்த ஆண்டில் சரிவு தொடங்கியது என்று சொல்லக் கணக்கு ஏதும் இல்லை. இன்று அந்தப் பழங்குடி மக்களே முன்னின்று லாம்ப்ரேயைக் காக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறார்கள். கிழக்கே அழிப்பதற்காக லார்வாவைத் தேடும் அதே மின்கருவி, மேற்கே காப்பதற்காகத் தேடுகிறது.

மாணவ நண்பர்களே! செய்தித்தாளில் ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையைப் படிக்கும்போது அதை மனப்பாடம் செய்து நிறுத்திவிடாதீர்கள். யார் எண்ணினார், எப்படி எண்ணினார், எத்தனை இடங்களில் பார்த்தார், பிழை எவ்வளவு இருக்கலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள்தான் நாளைக்கு ஆறுகளில் இறங்கி எண்ணப் போகிறவர்கள்.