யார் முகம் நம் படத்தில்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றதும் 'இன்றைய இளைஞன்', 'நாளைய பாரதம்' என்று நண்பர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய விஷயம் எனக்கு எழுத வராது. நான் எழுதப்போவது குறும்படம் பற்றி. ஆறு நிமிஷம், பத்து நிமிஷம் ஓடுகிற படம். சின்ன விஷயம்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்!

போன வருஷம் நாங்கள் நாலு பேர் ஒரு குறும்படம் எடுக்கக் கிளம்பினோம். கதை? வேறென்ன... காதல்தான்! ஒரு ஹீரோ, ஒரு பைக், ஒரு செல்போன். லொகேஷன் நம்ம அய்யனார் கோவில். ராஜபாளையத்துப் பையன்களுக்கு 'சீனரி' என்றால் அதை விட்டால் வேறு ஏது? மேற்கே மலை, பாறைகளுக்கு நடுவே ஓடிவரும் ஆறு, மரங்களுக்கு நடுவே நீர்காத்த அய்யனார். ஆனால் அந்தக் காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே போய் ஷூட்டிங் நடத்த முடியாது. அதை விசாரிக்காமல் போனது எங்கள் தப்பு. திரும்பினோம்.

வரும் வழியில் ரோட்டோர நிழலில் உட்கார்ந்திருந்தோம். மலையில் தேன் எடுக்கிற பளியர் இனத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் செல்போன் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, படம் பிடிக்க வந்தீகளா?"

"ஆமாங்கய்யா."

"நெறையப் பேர் வர்றாக. ஆத்தப் பிடிக்கிறாக, மரத்தப் பிடிக்கிறாக. எங்களையும் நிக்க வச்சுப் பிடிச்சிட்டுப் போயிருக்காக. பிடிச்சத ஒருத்தரும் திரும்பக் கொண்டாந்து காட்டல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை தடவை அய்யனார் கோவிலுக்கு வந்திருக்கிறேன். குளித்திருக்கிறேன், கிடா வெட்டுக்குச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களில் ஒருவர் பேராவது எனக்குத் தெரியுமா? தெரியாது!

குறும்படம் என்றால் சினிமாவுக்குள் நுழைய ஒரு கேட் பாஸ் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் 'பீட்சா' தந்தார். நலன் குமாரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' தந்தார். இரண்டிலும் ஹீரோ யார்? நம்ம ராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதி! அவரும் குறும்படங்களில் நடித்துப் பழகியவர்தான். நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையின் இன்னொரு பாதியை நாம் பேசுவதே இல்லை.

'தர்மம்' என்று ஒரு குறும்படம் எடுத்தவர் மடோன் அஸ்வின். அவர் 2021-ல் எடுத்த 'மண்டேலா'வின் நாயகன் முடி திருத்துகிற தொழிலாளி. ஊரில் அவனுக்கு ஒரு பெயர் கூடக் கிடையாது. கேலிப் பெயர்தான். அடையாள அட்டைக்காக ஒரு பெயர் வைக்கப்படுகிறது. அதன் பிறகு அவனுடைய ஒற்றை ஓட்டுக்காக ஊரே காலைப் பிடிக்கிறது. சிரித்துக்கொண்டே பார்த்தேன். முடிந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆவணப்படங்களில் தொடங்கியவர் லீனா மணிமேகலை. நம்ம விருதுநகர் மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர். கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் மக்களைப் பற்றி 2019-ல் 'மாடத்தி' எடுத்தார்.

மேலூர் பக்கத்து வினோத்ராஜ் சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். அவருடைய சகோதரி கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்த சம்பவத்திலிருந்துதான் 'கூழாங்கல்' பிறந்தது. அது 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. யோசித்துப் பாருங்கள்... ஒரு வீட்டுக் கண்ணீர் உலகத்துக்கே புரிந்திருக்கிறது!

இவர்கள் கதையைத் தேடி சுவிட்சர்லாந்து போகவில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? நம் பக்கம் 'அடையாளம்' என்றால் கையில் கட்டுகிற கலர் கயிறு. ஸ்டேட்டஸில் ஒரு தலைவர் படம், பின்னணியில் ஒரு பாட்டு, ஸ்லோமோஷனில் நாலு பைக், 'நாங்க யாருன்னு தெரியுமா' என்று ஒரு வசனம். ஒத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு நிமிஷக் குறும்படம்தான்! அதுவும் அடையாளத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த அடையாளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பார்த்தோம். கூடப் படித்தவனையே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறு கட்டக் கூடாது என்று அதில் பரிந்துரை இருக்கிறது. கயிற்றை அறுக்க உத்தரவு போடலாம். அறுத்த இடத்தில் எதைக் கட்டுவது? அதற்கு உத்தரவு போட யாராலும் முடியாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் வகுப்பில் எழுந்து அறிமுகம் செய்யச் சொன்னார்கள். "அப்பா பிசினஸ்" என்று சொன்னேன். பொய்! எங்கப்பா சத்திரப்பட்டியில் தறி ஓட்டுகிறவர். எங்கம்மா பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அய்யனார் கோவிலிலிருந்து வந்த பிறகு காதல் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கம்மாவைத்தான் படம் பிடித்தேன். "என்னை என்னத்துக்குடா பிடிக்கிற, கிறுக்கா" என்று முகத்தை மூடிக்கொண்டார். அதனால் கைகளை மட்டும் எடுத்தேன். ஆறு நிமிஷப் படம். எடிட் செய்து, சோகமாக ஒரு புல்லாங்குழல் மியூசிக் போட்டு, முதலில் அம்மாவுக்கே போட்டுக் காட்டினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்:

"தறிச் சத்தத்த எங்கடா காணோம்? அந்தச் சத்தத்துல கெடந்துதான உங்கப்பாவுக்குக் காது மந்தமாச்சு. அத எடுத்துப்புட்டு ஊதல் வச்சிருக்க!"

அன்றைக்குக் கற்ற பாடத்தை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. மியூசிக்கை எடுத்துவிட்டு 'தடக் தடக்' சத்தத்தையே வைத்தேன். அந்தப் படத்தை நண்பன் ரூமில் ஏழெட்டுப் பேர் பார்த்தோம். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. மூணு வருஷமாக என் பக்கத்து பெஞ்சில் இருக்கிறவன், கையில் எப்போதும் கயிறு கட்டியிருப்பவன், மெல்லச் சொன்னான்: "எங்கம்மாவும் இதே வேலைதாண்டா." அதுவரைக்கும் எனக்கு அவன் கயிற்றின் கலர் மட்டும்தான் தெரியும். அவனுக்கு என் பொய் மட்டும்தான் தெரியும்.

"படிக்க வந்த இடத்துல சினிமா எதுக்கு? முதல்ல அரியரை கிளியர் பண்ணுங்கடா" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். எனக்கும் ஒரு பேப்பர் பாக்கி இருக்கிறது! ஆனால் டிராயிங் வகுப்பில் நமக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? ஒரு சின்ன போல்ட்டை வரையக்கூட முன்பக்கத் தோற்றம், மேல் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம் என்று கேட்கிறார்கள். மனுசனை மட்டும் ஒரே தோற்றத்தில் பார்த்து, பேரையும் ஊரையும் கேட்டு, கணக்கை முடித்துவிடுகிறோமே, அது சரியா?

எனவே நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல குறும்படங்களைப் போட்டு, பார்த்த பிறகு அரைமணி நேரமாவது பேச வேண்டும். இரண்டு, வருஷா வருஷம் மாணவர் குறும்படப் போட்டி வைக்க வேண்டும். செல்போனில் எடுத்தால் போதும். தறி, மில், தீப்பெட்டி ஆபீஸ், பால்கோவா அடுப்பு, பளியர் குடியிருப்பு என்று நம் மண்ணின் கதையாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். யாரைப் படம் பிடிக்கிறோமோ அவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். எடுத்த பிறகு முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். இரக்கப்படுகிறேன் பேர்வழி என்று ஒருவர் வறுமையை எடுத்து லைக் வாங்குவதும் ஒருவிதத் திருட்டுதான்.

நானும் அந்தப் பெரியவரிடம் போகப் போகிறேன். இந்தத் தடவை கேமரா இல்லாமல். முதலில் பேர் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

தோழனே! தோழியே! உன் பாக்கெட்டில் இருப்பது வெறும் போன் இல்லை. அதைத் திருப்பி உன் முகத்தையே எடுத்தது போதும். ஒரு தடவை... ஒரே ஒரு தடவை... எதிரே நிற்கிறவர் பக்கம் திருப்பிப் பார். உன் முகம் அங்கேதான் இருக்கிறது!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை