கல்லுக்கும் ஜாதியா?



மனிதனுக்கு மனிதன் பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த நம் நாட்டிலே, கல்லுக்கும் ஜாதி கற்பித்து வைத்திருக்கிறார்கள் என்றால் சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். ரத்தின சாஸ்திரம் என்பவைகளைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளை வைரம் பிராமண ஜாதியாம்; சிவப்பு க்ஷத்திரிய ஜாதியாம்; மஞ்சள் வைசிய ஜாதியாம்; கறுப்பு சூத்திர ஜாதியாம்! மண்ணுக்குள் கிடந்த கல்லுக்குப் பூணூல் போட்டவர்கள் மனிதனை மட்டும் விடுவார்களா?

அது பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. அதே புத்திதான் இன்றும் கடைவீதியில் வேறு வேஷத்தில் உலாவுகிறது. தொழிற்கூடத்தில் வளர்த்த வைரம் என்றவுடன், “அது போலி, சுரங்கத்தில் பிறந்ததே அசல்” என்கிறார்கள். குணத்தைக் கேட்காமல் பிறந்த இடத்தைக் கேட்பதற்கு ஜாதிப் புத்தி என்று பெயரல்லாமல் வேறென்ன பெயர்?

வைரம் என்பது என்ன? 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கில ரசாயனி வைரத்தை எரித்துப் பார்த்து, அது கரியைத் தவிர வேறொன்றுமில்லை என்று காட்டிவிட்டார். பூமிக்கடியில் 150 கிலோ மீட்டருக்கும் கீழே சூட்டினாலும் அழுத்தத்தினாலும் கரி வைரமாகிறது. அதே சூட்டையும் அழுத்தத்தையும் யந்திரத்தில் உண்டாக்கி, 1954 டிசம்பரில் அமெரிக்காவிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரேசி ஹால் என்பவர் வைரம் செய்தார். மற்றொரு முறையில், மீதேன் வாயுவிலுள்ள கரியைப் பிரித்து, ஒரு சிறு வைரத் தகட்டின்மேல் படலம் படலமாகப் படியவிட்டு, சில வாரங்களில் கல்லாக வளர்க்கிறார்கள். சூரத் நகரத்தில் இது இன்று பெருந்தொழில். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கான ஆராய்ச்சிக்கு 5 ஆண்டுகளுக்கென்று 242.96 கோடி ரூபாயை 2023-இல் மத்திய அரசாங்கம் ஒதுக்கியிருக்கிறது.

இரண்டும் ஒரே கரி, ஒரே கடினம், ஒரே ஒளி. வெறுங் கண்ணால் எந்த நிபுணரும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கென்று தனிக் கருவிகள் வேண்டும். அமெரிக்க வர்த்தகக் கமிஷன், வைரத்துக்குத் தான் கூறிவந்த இலக்கணத்திலிருந்து “இயற்கை” என்ற சொல்லையே 2018-இல் எடுத்துவிட்டது.

இது நிற்க. “வைரம் என்றென்றைக்கும்” என்ற மந்திரத்தை ஓதியது எந்த ரிஷி? டி பீர்ஸ் என்ற சுரங்கக் கம்பெனிக்காக, ஒரு விளம்பரக் கம்பெனியில் சம்பளத்துக்கு எழுதிவந்த பிரான்சஸ் ஜெரட்டி என்ற அம்மையார் 1947-இல் எழுதியதுதான் அது. மந்திரம் உண்டாவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல ருசு வேண்டுமா? சியரா லியோன் நாட்டில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில், வைரம் விற்ற பணத்தில் துப்பாக்கி வாங்கி ஏழைகளின் கைகால்களை வெட்டினார்கள். “இயற்கை”யின் புனிதம் இவ்வளவுதான்!

சென்ற மாதம் நமக்கு வேண்டிய தோழர் ஒருவர், மகளுக்கு வைரத் தோடு போடுவதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கக் கிளம்பினார். “தோடு கேட்கிறவன் வீட்டில் பெண்ணைக் கொடுக்காதே, கேட்பது 1961-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்” என்றோம். “அவர்கள் கேட்கவில்லை அண்ணே, பெண்தான் ஆசைப்படுகிறாள்” என்றார். “அப்படியானால் வளர்த்த வைரம் வாங்கு, சுரங்கக் கல்லின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்” என்றோம். “சம்பந்தி கண்டுபிடித்துவிட்டால் மானம் போய்விடுமே?” என்றார். “மறைத்தால்தானே கண்டுபிடிப்பதற்கு? சொல்லிவிட்டே போடு. கடன் வாங்கிப் பொய் மினுக்குவதில் இல்லாத மானக்கேடு இதில் என்ன?” என்றோம்.

வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. பரிசோதனைக்கூடத்தின் சான்றிதழைக் கேளுங்கள். கல்லின் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று கடைக்காரரின் பூதக்கண்ணாடியிலேயே பாருங்கள். ரசீதில் “வளர்த்த வைரம்” என்று எழுதி, தங்கத்தின் எடையையும் கல்லின் எடையையும் தனித்தனியே போடச் சொல்லுங்கள். ஒரு காரட் என்பது 200 மில்லி கிராம். எடையைவிடப் பட்டை தீட்டியிருக்கும் நேர்த்தியைப் பாருங்கள். ஒளி வருவது அதனால்தான். சிர்க்கோனியா, மாய்சனைட் என்பவை வைரமல்ல, வேறு பொருள்கள். வைரமல்ல என்று தெரிந்தே அதன் விலைக்கு வாங்கினால் குற்றமில்லை. வைர விலை கொடுத்தால் ஏமாளித்தனம்.

வியாபாரி எந்தப் பக்கத்தில் நின்றாலும் வியாபாரிதான். வளர்த்த வைரம் “முதலீடு” என்றால் நம்பாதீர்கள். உற்பத்தி பெருகப் பெருக அதன் விலை சரிந்துகொண்டே வந்திருக்கிறது. திருப்பி விற்றால் அற்பமே கிடைக்கும். சூழலுக்குக் கேடே இல்லை என்றாலும் அப்படியே நம்பாதீர்கள். அந்த யந்திரங்கள் விழுங்கும் மின்சாரம் கொஞ்சமல்ல.

அடுத்தது தோஷப் புரட்டு. வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். சில நாள் வீட்டில் வைத்துக் கனவு பார்க்க வேண்டுமாம். கல் மங்கினால் குடும்பத்துக்குக் கேடாம்! கல் மங்குவதன் காரணம் தென்னாப்பிரிக்கச் சுரங்கக் கூலிக்குத் தெரியும். அங்கே முன்பெல்லாம் நொறுக்கிய கல்லையும் தண்ணீரையும் கொழுப்புத் தடவிய பலகையின்மேல் ஓடவிடுவார்கள். மற்றக் கற்கள் ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வைரத்துக்கும் எண்ணெய்க்கும் அவ்வளவு பிடிப்பு! தலை எண்ணெயும் முகப்பூச்சும் அடுப்படிப் பிசுக்கும் ஒட்டுவதால்தான் கல் மங்குகிறதே ஒழிய, சனியனாலும் சுக்கிரனாலும் அல்ல.

பரிகாரத்துக்கு ஜோசியன் வேண்டாம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், சிறிது சோப்பு, மிருதுவான பல் துலக்கும் பிரஷ் போதும். கல்லின் பின்புறத்தையும் தேய்த்து அலசித் துணியால் ஒற்றுங்கள். பின்புறம் மூடிய நகையை மட்டும் ஊறவைக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வைரம் மற்ற நகைகளைக் கீறும். ஆகையால் தனித் துணியில் முடிந்து வையுங்கள். திருகாணியையும், கல்லைக் கவ்வும் கம்பிகளையும் அடிக்கடி பாருங்கள். பழுது பார்க்கும்போது கல்லின்மேல் நெருப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கரிதானே, எரியும்.

நகையில்லாமல் வாழ்வதே மேல் என்பது நம் அபிப்பிராயம். பெண்ணின் காதில் தொங்குவதைவிட அவள் கையிலிருக்கும் படிப்பும் வேலையுமே அவளுக்குக் காவல். ஆனாலும் ஆசைப்பட்டு அணிகிறவர்கள், கடன்படாமலும் பிறப்புப் பெருமைக்கு விலை கொடுக்காமலும் அணியட்டும். கல்லைப் பிறப்பால் மதிக்க மறுக்கும் புத்தி ஒருவனுக்கு வந்துவிட்டால், மனிதனைப் பிறப்பால் மதிக்கும் புத்தி அவனிடம் எத்தனை நாள் தங்கும்?

அந்தத் தோழரின் வீட்டுப் பத்திரம் இன்னும் அவர் பெட்டியில்தான் இருக்கிறது.