ஓராண்டு உதவியாளர்கள்

இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு ஆளெடுத்துத் தரும் முகவர் நிறுவனங்கள் வெளியிடும் விளம்பரங்களில் ஒரு வகை அடிக்கடி கண்ணில் படும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு உதவியாளர் தேவை. உளவியல் பட்டதாரிகள் விரும்பத்தக்கவர்கள். உளவியலாளராக விழைவோர்க்கு இது அரிய அனுபவம் என்ற பொருளில் அவை அமைந்திருக்கும். பட்டதாரி பெறப்போவது அவற்றில் தெளிவாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. குழந்தை பெறப்போவது என்ன என்பதே நம் கேள்வி.

பட்டதாரிகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அங்கே கல்வி உளவியலாளர் ஆவதற்கு மூன்றாண்டு முனைவர் பயிற்சி முடித்தாக வேண்டும். அதில் சேர்வதற்கு உளவியல் பட்டம் மட்டும் போதாது. குழந்தைகளோடு குறைந்தது ஓராண்டு பணியாற்றியிருக்கவும் வேண்டும். இடங்களோ குறைவு. மறுபுறம், வகுப்பறை உதவியாளருக்கு இன்ன கல்வித் தகுதி வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. பள்ளிகளே முடிவு செய்துகொள்ளலாம். சம்பளம் சொற்பம், பல ஒப்பந்தங்களில் பள்ளி நடக்கும் வாரங்களுக்கு மட்டுமே ஊதியம் கணக்கிடப்படுகிறது. ஆகவே நுழைவது எளிதாகவும் நீடிப்பது கடினமாகவும் இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். மணியோசை கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே சொல்லிவைத்தால் தாங்கிக்கொள்வான் என்பதை அறிய உதவியாளருக்குச் சில மாதங்களாகும். அவர் அருகில் அமர்வதை அவன் ஏற்க இன்னும் சில மாதங்கள். ஜூலையில் அவர் விடைபெறுகிறார். செப்டம்பரில் வேறொரு முகம். எல்லாம் மீண்டும் முதலிலிருந்து. மாற்றத்தையே தாங்க இயலாத குழந்தைக்கு ஆண்டுதோறும் ஒரு பிரிவு. இன்னொருவருடைய அனுபவத்துக்கான விலையை அவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978-இல் அளித்த அறிக்கையிலிருந்து 2014-ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் வரை, இக்குழந்தைகளின் தேவையை எழுத்தில் உறுதிசெய்வதற்கு அந்நாடு நெடுந்தொலைவு வந்திருக்கிறது. 25 வயது வரை செல்லத்தக்க திட்ட ஆவணம் இன்று உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேர உதவி என்பது அதில் எழுதப்படலாம். ஆனால், அந்த மணி நேரங்களை ஒரே மனிதர் தருவாரா என்பது எழுதப்படுவதில்லை.

நீடித்திருந்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, உதவியாளர்களின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், அதே நிலையிலுள்ள பிற மாணவர்களைவிடக் குறைந்த முன்னேற்றமே கண்டார்கள் என்று காட்டியது. பழி உதவியாளர்களின் மேலன்று என்பதையும் அது சொன்னது. ஆசிரியரோடு கலந்து பேச நேரமில்லை, தக்க பயிற்சியில்லை, குழந்தை ஆசிரியரிடமிருந்து விலகி உதவியாளரிடமே விடப்படுகிறது. பட்டம் பெற்ற ஒருவரை அமர்த்திவிட்டால் இக்குறைகள் தாமாக நீங்கிவிடா.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யத்தக்கவை என்று கருதுகிறோம். ஆசிரியரும் உதவியாளரும் சேர்ந்து திட்டமிடும் நேரம், ஊதியத்துக்குரிய நேரமாக வேண்டும். விலகுபவரும் வருபவரும் குழந்தையோடு சில வாரங்களேனும் சேர்ந்து பணியாற்ற வேண்டும். கற்றுக்கொண்டவை எழுத்தில் கைமாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையிலேயே படிப்படியாக உயர வழியும் அதற்கேற்ற ஊதியமும் வேண்டும். அப்போதுதான் பத்தாண்டுகளாக அதே வகுப்பறையில் இருப்பவரை, முன்னேறத் தவறியவர் என்று உலகம் எண்ணாது.

பட்டதாரிகளிடமும் ஒன்று கேட்கலாம். பயிற்சிக்கான விண்ணப்பத்தில் அந்த ஓராண்டு ஒரு வரியாக இடம்பெறும். அச்சிறுவனுக்கு அது இரண்டாம் வகுப்பு முழுவதும். விடைபெறும் நாளை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லுங்கள், மணியோசையைச் சொன்னதுபோல.