தீட்டுப் பார்க்கும் இலக்கணம்

ஆங்கில இலக்கணம் தெரிந்தவர்கள் என்று நம்மிடையே உலவுகிற கனவான்கள் பலருக்குத் தெரிந்தது இலக்கணம் அல்ல, தீட்டு. வினையடை என்கிற அந்த ஏழை 'அட்வெர்ப்', 'டு' என்ற சொல்லுக்கும் அதைத் தொடரும் வினைச் சொல்லுக்கும் நடுவே நுழைந்துவிட்டால் போதும். மடி கெட்டுவிட்டதாகக் கூச்சல் போடுவார்கள். வாக்கியம் என்ன சொல்ல வந்தது என்ற விசாரணை அவர்களுக்கு அவசியமே இல்லை.

காரணம் கேட்டால் லத்தீனைக் காட்டுவார்கள். லத்தீனில் அந்த வினை வடிவம் ஒரே சொல், பிளக்க முடியாது. அதனால் ஆங்கிலத்திலும் பிளக்கக் கூடாதாம்! பக்கத்து வீட்டுக்காரன் சட்டையில் பொத்தான் இல்லை என்பதற்காக நம் சட்டைப் பொத்தானை அறுத்துக்கொள்வதா? 1864-ல் கான்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்ரி ஆல்ஃபோர்ட் தம் புத்தகத்தில் இதைக் கண்டித்து எழுதினார். 1926-ல் ஃபௌலர் தம் அகராதியில் இந்தப் பயத்தைக் கிண்டல் செய்தார். கிண்டல் ஆங்கிலேயனுக்குப் புரிந்தது. நம் உபாத்தியாயர்களுக்குத்தான் இன்னும் எட்டவில்லை.

இந்த ஆசாரத்தால் விளையும் நஷ்டத்தைப் பாருங்கள். 'ஹி டிஸைடட் டு ப்ராம்ப்ட்லி ரிடர்ன் த மணி.' பணம் சீக்கிரம் திரும்பும் என்பதில் சந்தேகமே இல்லை. தீட்டுக்குப் பயந்து 'டிஸைடட் ப்ராம்ப்ட்லி டு ரிடர்ன்' என்று மாற்றுங்கள். இப்போது சீக்கிரமாக நடந்தது எது? தீர்மானமா, பணம் திரும்புவதா? கடன் கொடுத்தவனுக்கு இரண்டும் ஒன்றல்ல, ஐயா!

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2009 ஜனவரி 20-ம் தேதி ஒபாமா அமெரிக்க ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்தார். அரசியல் சாசனத்தில் 'ஃபெயித்ஃபுல்லி' என்ற அடை, 'வில்' என்ற துணைவினைக்கும் 'எக்ஸிக்யூட்' என்ற வினைக்கும் நடுவே நிற்கிறது. பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதைப் பெயர்த்துக் கடைசியில் போட்டுவிட்டார். மறுநாள் வெள்ளை மாளிகையில் இரண்டாம் முறை பிரமாணம் நடந்தது. வினையைப் பிளக்கக் கூடாது என்ற பழைய மூடநம்பிக்கைதான் நீதிபதியின் நாவைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும் என்று மொழி அறிஞர் ஸ்டீவன் பிங்க்கர் எழுதினார். ஊகம்தான், ஆனாலும் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

அப்படியானால் அடையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. நம் 'தான்' எவ்வளவு யோக்கியமானது! 'நான்தான் கொடுத்தேன்', 'அவனுக்குத்தான் கொடுத்தேன்', 'பத்து ரூபாய்தான் கொடுத்தேன்': யாருக்கு ஊழியமோ அவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில 'ஒன்லி' அப்படியல்ல. வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தூரத்துச் சொல்லுக்கும் கண்ஜாடை காட்டும். பேச்சில் குரல் அழுத்தம் காப்பாற்றிவிடும். காகிதத்துக்குக் குரல் ஏது? எழுதும்போது சந்தேகம் வரும் இடத்தில் அதை உரிய சொல்லின் அருகே கொண்டுபோய் வைப்பதே மரியாதை.

இன்னொன்று, 'லி' மோகம். வாலில் 'லி' ஒட்டினால் அடை ஆகிவிடும் என்று சூத்திரம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பையன் வேலைக்கு மனுப் போடும்போது, 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதுகிறான். கடுமையாக உழைப்பதாகச் சொல்ல நினைத்தான். படிக்கிற அதிகாரிக்கோ, அநேகமாக உழைப்பதே இல்லை என்று தொனிக்கிறது. 'லேட்' என்றால் தாமதமாக. 'லேட்லி' என்றால் சமீப காலமாக. சோற்றைப் பறிக்கக்கூடிய பிழை இது. இதைத் திருத்த நேரமில்லாதவர்களுக்குத் தீட்டுப் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது!

அடை சின்னச் சொல்தானே என்பவர்களுக்கு ஒரு வழக்கு. அமெரிக்காவில், தெரிந்தே பிறருடைய அடையாள எண்ணைப் பயன்படுத்திச் சில குற்றங்களைச் செய்தால் கூடுதலாக இரண்டு வருஷச் சிறை. மெக்ஸிகோவிலிருந்து வந்த ஓர் உருக்காலைத் தொழிலாளி பொய்யான எண்ணைக் கொடுத்து வேலை பார்த்தார். அந்த எண் உண்மையில் வேறொருவருடையதாக இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? சட்டத்தில் 'நோயிங்லி' என்று இருக்கிறதே, அந்த அடையின் கை எவ்வளவு தூரம் நீளும்? 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது: 'இன்னொருவருடைய' என்ற சொல் வரைக்கும் நீளும், அது இன்னொருவருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை சர்க்கார் நிரூபித்தாக வேண்டும். தீர்ப்புக்கு ஓர் ஆதாரம், சாதாரண ஆங்கில இலக்கணம்!

ஒரு மனிதனின் இரண்டு வருஷம் ஓர் அடையில் தொங்கியது. ஆகவே உபாத்தியாயர்களே, சிவப்பு மையை எடுக்குமுன், 'இந்தச் சொல் யாருக்கு ஊழியம் செய்கிறது?' என்று பையனைக் கேளுங்கள். சரியாகப் பதில் சொன்னால், அது 'டு'வுக்குப் பக்கத்தில் நின்றாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.